முகப்பருவும் மூன்று மாத அவகாசமும்

யௌவனப் பருவத்தினரின் முகத்தில் எழும் பருக்களுக்குச் சுசுருத சம்ஹிதை ‘முகதூஷிகை’ என்று பெயரிடுகிறது. முள்ளிலவ மரத்தின் அடிமரத்தைச் சுற்றிக் கூம்புகூம்பாக நிற்கும் முட்களைப் போன்றவை என்று அவற்றை வருணித்து, கபமும் வாதமும் இரத்தமும் கெடுவதே காரணம் என்று கூறி, இறுதியில் அவற்றை க்ஷுத்ரரோகங்கள், அதாவது அற்ப வியாதிகள், என்னும் வகுப்பிலே சேர்த்து வைத்தார்கள் அக்காலத்து வைத்தியர்கள். அடி அகன்று நுனி கூர்ந்து நிற்கும் அந்த முள்ளை நேரில் பார்த்தவர்களுக்கு உவமையின் நுட்பம் விளங்கும்; வியாதி தோன்றும் வயதையும் அவர்கள் பிழையின்றிக் குறித்திருக்கிறார்கள். இப்படி வகுத்ததற்கு அவர்களிடம் சாஸ்திர நியாயமும் இருந்திருக்கலாம். ஆயினும் உவமையும் வயதும் மறந்துபோய், ‘அற்பம்’ என்ற அபிப்பிராயம் மட்டுமே நம்முடைய வீடுகளில் நிலைத்துவிட்டது.

14 வயதில் நெற்றியில் முதல் பரு கண்ட பெண்ணிடம், ‘வயசுப் பிள்ளைக்கு இது வர்றதுதான்’ என்கிறார்கள். 18 வயதில், ‘உடம்புச் சூடு, எண்ணெய் தேய்ச்சுக் குளி’ என்கிறார்கள். 22 வயதில், ‘கல்யாணம் ஆனா தன்னால போயிரும்’ என்கிறார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று நாள் குறித்த பிறகோ, ஒரே வாரத்தில் முகம் தெளிந்தாக வேண்டும் என்று மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். எட்டு ஆண்டுகள் அலட்சியமும் எட்டு நாட்கள் அவசரமுமாக நடக்கும் இந்த விபரீதமான வைத்தியந்தான், மதுரையிலும் அதைச் சூழ்ந்த மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் முதலிய ஊர்களிலும், அடக்கிவிடக்கூடிய ஒரு நோயைப் பலருக்கு அடங்காத நோயாக ஆக்கிவருகிறது என்பது என் திடமான எண்ணம். பரு மெல்ல உருவாகும் வியாதி. மெல்லவே தணியும் வியாதி. அதன் சிகிச்சையை அளக்கும் கோல் வாரம் அன்று, மூன்று மாதம்.

அது ஏன் என்பதற்கு விடை சருமத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. மயிர்க்காலை ஒட்டி நெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. முகம், மார்பு, தோள், முதுகின் மேற்பாகம் ஆகிய இடங்களில் இச்சுரப்பிகள் பெரியனவாகவும் நெருக்கமாகவும் அமைந்திருப்பதால்தான் பருவும் அவ்விடங்களையே நாடி வருகிறது. பூப்பெய்தும் காலத்தை ஒட்டி, ஆண் பெண் இருபாலாரின் உடலிலும் ஆண்மை ஹார்மோன்கள் பெருகி அச்சுரப்பிகளைத் தூண்ட, நெய் மிகுதியாகச் சுரக்கிறது. மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய செதில்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அதன் வாயை அடைக்கின்றன. அடைபட்ட நெய்யிலே, எல்லோருடைய தோலிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் பாக்டீரியா பெருகுகிறது. அதைப் பகையென்று கொண்டு உடலின் காவற்சக்தி சினந்தெழ, சிவப்பும் வீக்கமும் சீழும் உண்டாகின்றன. வாய் திறந்திருக்கும் அடைப்பு காற்றுப் பட்டும் நிறமி சேர்ந்தும் கறுத்துக் கரும்புள்ளியாகிறது. அது அழுக்கு அன்று, தேய்த்தால் போகாது.

கண்ணுக்குப் புலப்படாத இந்த நுண்ணிய அடைப்பு பருவாக முதிர்ந்து வெளிப்படுவதற்கு ஏறத்தாழ எட்டு வாரம் செல்கிறது என்பதே இந்த விஷயத்தில் நாம் மனத்திற்கொள்ள வேண்டிய முதல் உண்மை. சித்திரைத் திருவிழாவன்று கன்னத்தில் சிவந்து நிற்கும் பரு மாசி மாதத்திலேயே விதையூன்றியது. ஆகையால், கண்ட பருவின்மேல் மட்டும் மருந்தைத் தொட்டு வைப்பது முற்றிய கதிரைக் கிள்ளுவதற்கு ஒப்பாகும்; அடுத்து வளர்ந்துகொண்டிருக்கும் நாற்றை அது தொடுவதேயில்லை. பரு வரும் பகுதி முழுவதும், பரு இல்லாத இடத்திலுங்கூட, மருந்தைப் பூச வேண்டும் என்று தோல் வைத்தியர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுதான். நம்மவர்கள் பெரும்பாலும் கைவிட்டுவிடும் விதியும் இதுவே.

ஹார்மோனின் பங்கை நிலைநாட்டியவர் ஜேம்ஸ் ஹாமில்ட்டன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி. பூப்புக்கு முன்பே விந்தகங்களை இழந்தவர்களுக்குப் பரு வருவதில்லை என்பதையும், அவர்களுக்கு ஆண்மை ஹார்மோனைச் செலுத்தினால் வரத் தொடங்குகிறது என்பதையும் அவர் 1941-இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் இரட்டைப் பிறவிகளை ஆராய்ந்து 2002-இல் எழுதியவர்கள், ஒருவருக்குப் பரு மிகுவதும் மற்றொருவருக்கு மிகாததுமான வேற்றுமையில் நூற்றுக்கு 81 பங்கு பரம்பரையைச் சார்ந்தது என்று கணித்தார்கள். தாய்க்கோ தந்தைக்கோ கன்னத்தில் பள்ளங்கள் இருக்குமானால், அந்த வீட்டுப் பிள்ளைக்கு முதல் பரு கண்டவுடனேயே சிகிச்சை தொடங்குவது புத்திசாலித்தனம்.

அப்படியானால் ‘உடம்புச் சூடு’ என்ற பாட்டிமார்களின் வாதத்துக்கு இடமே இல்லையா? முற்றிலும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஆசியாவின் உஷ்ணப் பிரதேசங்களுக்கு வந்து சேர்ந்த சிப்பாய்களில் பலருக்கு, சொந்த ஊரில் அடங்கிக் கிடந்த பரு முதுகிலும் தோளிலும் பிட்டத்திலும் பெருங்கட்டிகளாகக் கிளம்பியதையும், குளிர் தேசத்துக்குத் திருப்பியனுப்பினாலொழிய அது தணியாமற் போனதையும் படை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வியர்வையில் ஊறிய தோலின் செதில்கள் உப்பி மயிர்க்காலின் வாய் குறுகுவதாலும், நனைந்த துணி உராய்வதாலும் இது நேர்கிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் மதுரையில், சந்தையில் மூட்டை சுமப்பவரின் தோளிலும், நாளெல்லாம் தலைக்கவசத்தின் பட்டை உரசும் மோவாயிலும் இதே கதை நடக்கிறது. ஆனால் இது வெளியிலிருந்து தாக்கும் வெப்பமேயன்றி, இளநீராலும் வெந்தயத்தாலும் தணிக்கக்கூடிய உட்சூடு அன்று. வியர்த்தவுடன் சட்டையை மாற்றிக் குளிப்பது இளநீரைவிடப் பயன் தரும்.

வெயில் காலத்தில் இன்னொரு குழப்பமும் நேர்கிறது. வேர்க்குருவும் வேனற்கட்டியும் பரு அல்ல என்பது பலருக்குத் தெரியும். ஆனால் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவினவாய், கரும்புள்ளி ஒன்றும் இல்லாமல், அரிப்போடு சிதறித் தோன்றும் கொப்புளங்கள் பெரும்பாலும் பருவே அல்ல என்பது தெரியாது. நம் ஊரில் தேமல் என்று வழங்கும் நிறமாற்றத்தை உண்டாக்கும் மலசீசியா என்ற பூஞ்சையே மயிர்க்காலுக்குள் புகுந்து இக்கொப்புளங்களையும் எழுப்புகிறது. இதைப் பரு என்று எண்ணி மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தால் பூஞ்சை மேலும் கொழுக்கும். பூஞ்சைக்குரிய மருந்தைக் கொடுத்தாலோ சில வாரங்களில் அடங்கும். காச நோய்க்குத் தரும் ஐசோநியாசிட், வலிப்பு நோய்க்குத் தரும் ஃபெனிட்டாயின், பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் ஆகியவையும் பருவைப் போன்ற கொப்புளங்களை எழுப்ப வல்லவை. ஆகவே நீடிக்கும் பருவுக்கு முதற்கேள்வி, இது பருதானா என்பதே. மாதவிலக்கு ஒழுங்கற்று, மோவாயிலும் மேலுதட்டிலும் முடி வளர்ந்து, தாடை ஓரத்தில் ஆழமான பருக்கள் திரும்பத் திரும்ப வரும் பெண்ணுக்கோ, பி.சி.ஓ.டி. என்று பரவலாக அறியப்படும் சினைப்பைக் கோளாறு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அங்கே களிம்பு மட்டும் போதாது, ஹார்மோனை நெறிப்படுத்தும் மாத்திரைகள் தேவைப்படலாம். 25 வயதைக் கடந்தும், திருமணமாகிக் குழந்தை பெற்ற பின்னும், பரு தொடரும் பெண்கள் அநேகர். கல்யாணத்தால் பரு போகும் என்பதற்கு வைத்திய சாஸ்திரத்தில் ஆதாரம் கிடையாது.

ஆகாரத்தைப் பற்றிய வாதம் நீண்ட சரித்திரமுடையது. சாக்லேட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தமில்லை என்று 65 பேரைக் கொண்டு 1969-இல் அமெரிக்காவில் நிரூபித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒப்பீட்டுக்காகக் கொடுத்த போலி மிட்டாயிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தமையால் அந்தப் பரீட்சையே பழுதுடையது என்பது பின்னரே உணரப்பட்டது. 2002-இல் லோரன் கார்டெய்ன் என்பவரும் அவர் சகாக்களும், பாப்புவா நியூ கினியைச் சேர்ந்த கிட்டாவா தீவில் 1200 பேரையும், பராகுவே நாட்டின் ஆச்சே பழங்குடியினரில் 115 பேரையும் பரிசோதித்து, ஒருவர் முகத்திலும் பருவைக் காணவில்லை என்று எழுதியது பலரைத் திடுக்கிட வைத்தது. கிழங்கும் கனியும் மீனும் தேங்காயும் உண்ணும் கிட்டாவா மக்களுக்குப் பரம்பரையின் பாதுகாப்பும் இருந்திருக்கலாம் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆயினும், 15 முதல் 25 வயது வரையுள்ள 43 ஆண்களைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடத்தி 2007-இல் வெளியிடப்பட்ட 12 வாரப் பரீட்சை ஒன்றில், இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென ஏற்றாத உணவை உண்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. சர்க்கரை விரைந்தேறினால் இன்சுலின் பெருகும். இன்சுலின் பெருகினால் நெய்ச் சுரப்பி மேலும் தூண்டப்படும் என்பதே அதன் தத்துவம்.

இதை நம்முடைய சாப்பாட்டுத் தட்டுக்குக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? காலையில் இட்லியும், மத்தியானம் மலைபோல் வெள்ளைச் சோறும், இரவில் சால்னாவில் ஊறிய புரோட்டாவும், நடுவே ஒரு ஜிகர்தண்டாவுமாக நாளைக் கழிக்கும் மதுரை இளைஞன், சர்க்கரையைச் சட்டென ஏற்றும் உணவு என்று இந்த ஆராய்ச்சிகள் விலக்கியவற்றையே வரிசையாக உண்கிறான். பாலுக்கும் பருவுக்கும் உள்ள தொடர்பும் சில ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது, திடமாக நிலைநாட்டப்படவில்லை. உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் வே புரோட்டீன் மாவை உண்ணத் தொடங்கியபின் முதுகு முழுவதும் பரு கண்டவர்களை வைத்தியர்கள் பலமுறை விவரித்திருக்கிறார்கள்; அதனோடு உடல் பெருக்கும் ஹார்மோன் ஊசியும் சேர்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும், உணவை மாற்றினாலே பரு மாறிவிடும் என்று சொல்ல நான் துணியமாட்டேன். சோற்றின் அளவைக் குறைத்துப் பயறும் காய்கறியும் கூட்டிக்கொள்வதை மருந்துக்குத் துணையாகச் செய்யலாம், மருந்துக்குப் பதிலாக அன்று. தக்காளியையும் கத்தரிக்காயையும் நிலக்கடலையையும் விலக்கி வாடும் பிள்ளைகளைக் காணும்போது, ஆதாரமற்ற பத்தியம் ஒரு தண்டனையாகவே எனக்குப் படுகிறது.

எண்ணெயைப் பற்றிச் சொல்வது மதுரையில் சற்றுத் துணிச்சலான காரியம். தலை நிறைய எண்ணெய் வைத்து, இழுத்துப் பின்னி, மல்லிகைச் சரம் சூடிப் பள்ளிக்கு அனுப்புவது தாயின் அன்புக்கே இலக்கணமாக இருந்துவந்திருக்கிறது. ஆனால் தலையில் தடவும் பிசுக்குப் பூச்சுகளால் நெற்றியிலும் கன்னப் பொறியிலும் நுண்ணிய அடைப்புகள் வரிசையாக எழுவதை, அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் கண்டு, 1970-இல் ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடைய சகாக்களும் விவரித்திருக்கிறார்கள்; வெயிலில் உருகி நெற்றியில் வழியும் நம் எண்ணெயும் அதே வேலையைத்தான் செய்கிறது. பின்னல் படியும் முதுகுப் பாகத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். எண்ணெயை அடியோடு விட வேண்டியதில்லை. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேய்த்து, முழுகிய பின் நெற்றியையும் முதுகையும் சோப்பிட்டுக் கழுவிவிட்டால் மரபும் பிழைக்கும், முகமும் பிழைக்கும்.

என் பாட்டி சந்தனக் கல்லில் சங்கை உரைத்து, அந்த வெண்ணிறக் குழம்பை என் அக்காளின் கன்னத்தில் தொட்டு வைத்ததும், அது காய்ந்து வெடித்துக் குளிர்ச்சியாக இழுப்பதும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஜாதிக்காய், திருநீற்றுப் பச்சிலைச் சாறு, வசம்பு, கஸ்தூரி மஞ்சள், வேப்பந்தளிர் என்று நாட்டுமருந்துக் கடைகளில் இன்றும் பருவுக்காக விற்பனையாகும் சரக்குகள் பல. இவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. சிலவற்றுக்குப் பாக்டீரியாவை ஒடுக்கும் குணமும் உண்டு. ஓர் இலையை மதிக்கும் முறை எது என்பதற்கு ஆஸ்திரேலியர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள்: தங்கள் நாட்டுத் தேயிலை மர எண்ணெயை, நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்த்த களிம்பாக்கி, அதே அளவு பென்சாயில் பெராக்சைடு சேர்ந்த மருந்தோடு 124 நோயாளிகளிடம் ஒப்பிட்டு, எண்ணெயும் பயன் தருகிறது, ஆனால் மெதுவாகத் தருகிறது, எரிச்சல் குறைவு என்று 1990-இல் வெளியிட்டார்கள். நம் பச்சிலைகளும் இத்தகைய பரீட்சைக்குத் தகுதியுடையவை. ஆனால் எலுமிச்சம்பழச் சாற்றைத் தேய்த்து வெயிலில் போவதும், பற்பசையை இரவெல்லாம் அப்பி வைப்பதும், கடலை மாவைச் சொரசொரப்பாகத் திரித்து அழுத்தித் தேய்ப்பதும் வைத்தியமே அல்ல. முதலிரண்டும் தோலைப் புண்ணாக்கிக் கருமையை விட்டுச் செல்லும். மூன்றாவது பருவைக் கலைத்து வீக்கத்தைப் பெருக்கும். மிதமான சோப்பால் நாளைக்கு இரண்டு முறை முகம் கழுவினால் போதும்.

மருந்துக் கடைக் களிம்பைப் பற்றி மனக்கொதிப்பில்லாமல் எழுத எனக்கு இயலவில்லை. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் முதலிய ஸ்டீராய்டுகள் தனியாகவோ, நிறம் வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுவினோனோடும் வேறு மருந்துகளோடும் கலந்தோ, சிறு ட்யூபுகளில் அடைக்கப்பட்டு, வைத்தியரின் சீட்டு இல்லாமல், தெருமுனைக் கடைகளில் கைமாறுகின்றன. பூசிய மூன்றாம் நாளே சிவப்பு தணிகிறது. ஒரு வாரத்தில் நிறம் சற்று வெளுக்கிறது. கண்ணாடியின் முன் நிற்பவர் அதை அமிர்தமென்று நம்புகிறார். அவர் நம்புவதில் குற்றமில்லை, ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் பலன் அத்தனை விரைவில் வேறெந்த மருந்திலும் கிடைப்பதில்லை. ஆனால் சில வாரங்களில் தோல் மெலிகிறது. கன்னத்தில் செந்நிற இரத்தக் குழாய்கள் வலையாகத் தெரிகின்றன. தேவையற்ற முடி முளைக்கிறது. ஒரே மாதிரியான புதிய பருக்கள் கூட்டமாகக் கிளம்புகின்றன. களிம்பை நிறுத்தினால் முகம் எரிந்து சிவந்து வீங்குகிறது. அந்த எரிச்சலைத் தாளாமல் மீண்டும் அதையே பூச, வாரத்தில் தொடங்கிய பழக்கம் வருஷங்களாக நீள்கிறது. ஸ்டீராய்டால் சிதைந்த முகம் என்று இந்நிலைக்குத் தனிப் பெயரே சூட்டியவர்கள் நம் இந்தியத் தோல் வைத்தியர்கள்.

நாடெங்கும் 12 மையங்களில், முகத் தோல் நோயோடு வந்த 2926 பேரைக் கேட்டறிந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 433 பேர் ஸ்டீராய்டுக் களிம்பை முகத்துக்குப் பூசிவந்தது தெரியவந்தது. அவர்களில் நூற்றுக்கு 29 பேர் சிவப்பாக ஆவதற்கென்றோ பொதுவான முகப்பூச்சாகவோ சவரத்துக்குப் பின் பூசுவதற்கென்றோ அதைப் பயன்படுத்த, 24 பேர் பருவுக்கென்றே பூசியிருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் வைத்தியர் அல்லாத ஒருவருடைய சொல்லைக் கேட்டுத் தொடங்கியவர்கள். தோல் வைத்தியர்களின் சங்கம் இடைவிடாமல் முறையிட்டதன் பயனாக, 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டின்றி விற்கலாகாத அட்டவணையில் சேர்த்தது. சட்டம் வந்தது, சீட்டில்லாத விற்பனை நின்றபாடில்லை. வெண்மையே அழகென்று கொண்டாடும் மோகம் நம்மிடையே இருக்கும் வரையில் இந்தக் களிம்புக்கு வாடிக்கையாளர் குறையமாட்டார்கள். 2015-இல் வெளிவந்த ‘பிரேமம்’ என்ற மலையாளத் திரைப்படத்தில், கோத்தகிரியைச் சேர்ந்த சாய் பல்லவி கன்னத்துப் பருக்களை மறைக்காமல் தோன்றியபோது, தமிழ்நாட்டின் கல்லூரிப் பெண்கள் அந்த முகத்தை ஏன் அத்தனை வாஞ்சையோடு ஏற்றுக்கொண்டார்கள் என்பதை, பருவோடு ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைந்து பார்த்தவர்களே அறிவார்கள்.

இனி உண்மையான சிகிச்சை. அமெரிக்கத் தோல் வைத்தியக் கழகம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறைகள் பென்சாயில் பெராக்சைடையும், வைட்டமின் ஏ-யின் வழியில் வந்த ரெட்டினாய்டு களிம்புகளையும் முன்வரிசையில் நிறுத்துகின்றன. மயிர்க்காலின் அடைப்பையே கரைப்பது ரெட்டினாய்டின் தனிச்சிறப்பு. இவ்வகையில் முதலாவதான ட்ரெட்டினாயினைப் பருவுக்குப் பயன்படுத்திக் காட்டியவர் முன்னர்ச் சொன்ன கிளிக்மனே; 1971-இல் அது அங்கீகாரம் பெற்றது. ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் உடலை ஆராய்ச்சிக் களமாக ஆக்கிக்கொண்ட அவருடைய செயல் மருத்துவ உலகின் மாறாத களங்கங்களில் ஒன்று. அம்மருந்தால் பயன் பெறும் நாம் அந்தக் கைதிகளை மறப்பது நன்றி கொன்றதாகும். இன்று அதனினும் எரிச்சல் குறைந்த அடப்பலீன் பரவலாகக் கிடைக்கிறது. இரவில் பட்டாணி அளவு எடுத்து, உலர்ந்த முகத்தில் மெல்லப் பரப்ப வேண்டும். முதல் சில வாரங்கள் ஒன்றுவிட்டு ஒரு நாள் பூசினால் போதும். தோல் உரிவதும், பரு சற்று மிகுவதுபோல் தோன்றுவதும் முதல் மாதத்தில் இயற்கை. அம்மாதத்திலேயே பெரும்பாலோர் மருந்தைத் தூக்கியெறிந்துவிடுகிறார்கள். பலன் மூன்றாம் மாதத்தில் தெரியும்; தெரிந்த பின்னும், திரும்ப வராமலிருக்கத் தொடர்ந்து பூச வேண்டும்.

தேமலைச் சொன்னோமல்லவா, அந்தத் தேமலே ஒரு மருந்தையும் தந்திருக்கிறது. தேமல் படர்ந்த இடம் ஏன் வெளுக்கிறது என்று 1970-களில் ரோமாபுரியில் ஆராய்ந்தவர்கள், பூஞ்சை விளைவிக்கும் அமிலங்களைத் தேடிப் போய் அசெலாயிக் அமிலத்தின் குணத்தைக் கண்டார்கள். அது பருவையும் தணிக்கும், பரு விட்டுச் செல்லும் கருமையையும் மங்கச் செய்யும். கர்ப்பிணிகளுக்கும் தரலாம் என்பதால் நம் பெண்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம்.

டாக்ஸிசைக்ளின் முதலிய ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் சீழ்ப்பரு மிகுந்தவர்களுக்கு உதவும். ஆனால் தனியாக அன்று, நெடுங்காலம் அன்று. மூன்று நான்கு மாதங்களுக்குள் நிறுத்திவிட வேண்டும். பாக்டீரியா மருந்துக்கு அடங்காததாக மாறிவிடாமலிருக்கப் பென்சாயில் பெராக்சைடைக் கூடவே பூச வேண்டும். உணவுக்குப் பின் ஒரு செம்பு தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமலிருக்க வேண்டும் என்பதும், அதை உண்ணும் காலத்தில் வெயில் தோலைக் கடுமையாகச் சுடும் என்பதும் நாற்றங்காலில் நிற்பவர்களுக்கு அவசியம் சொல்லப்பட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அடங்காத, ஆழ்ந்த கட்டிகளாக எழுந்து பள்ளம் விழச் செய்யும் பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை இருக்கிறது. 1979-இல் கேரி பெக் என்பவரும் அவர் சகாக்களும், கொடிய பருவுடைய 14 பேருக்கு அதைக் கொடுத்து, 13 பேருக்கு முற்றிலும் தெளிந்தது என்று அறிவித்தபோது தோல் வைத்தியத்தில் புதிய யுகமே தொடங்கியது. 1982-இல் அது அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. ஆனால் கருவுற்றவள் உண்டால் சிசுவின் மூளை, இருதயம், காது ஆகியவை பயங்கரமாகச் சிதையக்கூடும். இந்த அபாயம் நம் ஊரில் தனி உருவம் கொள்கிறது. பெண்ணின் முகம் தெளிய வேண்டும் என்று பெற்றோர் அவசரப்படுவது கல்யாணத்துக்கு முந்திய மாதங்களில். கல்யாணமான உடனே எல்லோரும் எதிர்பார்ப்பது நல்ல செய்தியை. இரண்டுக்கும் நடுவே, பழைய சீட்டைக் காட்டி வாங்கிய ஐசோட்ரெட்டினாயின் அட்டை ஒன்று அவள் பெட்டியில் இருக்குமானால் என்ன ஆகும் என்று எண்ணவே நெஞ்சம் நடுங்குகிறது. மருந்து உண்ணும் காலம் முழுவதும், நிறுத்திய பின் ஒரு மாதமும், கரு தரிக்கக் கூடாது. இதைப் பெண்ணிடம் நேரில், தனியாக, அவள் பாஷையில் சொல்லாமல் எழுதிக் கொடுக்கும் சீட்டு சீட்டே அன்று. உதடு வறள்வதையும், இரத்தத்தில் கொழுப்பும் ஈரலின் நிலையும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பதையும் அவள் அறிந்திருக்க வேண்டும். மனத்தளர்ச்சி தோன்றினால் உடனே வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும்.

முகப்பரு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதுகிலும் மார்பிலும் பரு இருப்பதுண்டு. வெட்கத்தால் சொல்வதில்லை, வைத்தியரும் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பதில்லை. பரந்த அப்பரப்புக்குப் பென்சாயில் பெராக்சைடு கலந்த கழுவும் மருந்தே உகந்தது. குளிக்கும்போது பூசி, சில நிமிஷம் விட்டுக் கழுவ வேண்டும். அது துணியின் சாயத்தை வெளுக்கச் செய்யும் பொருள் ஆதலால், வெள்ளைத் துண்டால் துடைப்பதும், சுங்குடிச் சேலையில் படாமல் காப்பதும் அவசியம். வெப்பத்தில் அம்மருந்து சிதைந்து பென்சீன் என்ற நச்சுப்பொருளாக ஓரளவு மாறக்கூடும் என்ற கவலை 2024-இல் எழுந்தது. பிறகு அமெரிக்க அரசு சோதித்தவற்றில் மிகப் பெரும்பாலானவை பாதுகாப்பானவை என்றே தெரிந்தது. ஆயினும் ஓட்டு வீட்டின் ஜன்னலோரத்தில், வெயில் படும்படி அதை வைக்காதிருப்பது நல்லது.

நம்முடைய மாநிறத் தோலில், பரு போன பின்னும் அதன் நிழல் போவதில்லை. வெள்ளையருக்குச் சில வாரங்கள் சிவந்து மறையும் இடம், நமக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், கறுத்துக் கிடக்கும். பலர் வைத்தியரை நாடுவது பருவுக்காக அன்று, இந்தக் கறைக்காகவே. கறை வேறு, பள்ளம் வேறு. கறை காலத்தாலும் மருந்தாலும் மங்கும். நகத்தால் கிள்ளியும் பிதுக்கியும் விழுந்த பள்ளமோ ஊசியாலும் லேசராலும் ஓரளவே நிரம்பும், அதுவும் புதிய பரு வருவது நின்ற பிறகே செய்யத் தக்கது. மார்பிலும் தோளிலும் சிலருக்குத் தழும்பு தடித்து வளரும். அதை அறுக்கப் புகுந்தால் இன்னும் பெரிதாகும். கறை ஆழமாவதற்கு வெயிலே காரணமாதலால், வெயில் தடுப்புக் களிம்பு சிகிச்சையின் ஓர் அங்கம். ஸ்கூட்டரில் செல்லும் பெண்கள் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொள்வது நல்ல வழக்கமே. வியர்வையில் நனைந்த அதே துணியை மறுநாளும் சுற்றாதிருந்தால்.

மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அரசு இராஜாஜி மருத்துவமனையில் தோல் நோய்க்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் உசிலம்பட்டிக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மாலையில் திரும்பும் பூப்பறிக்கும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போகிறது. ஆறு வாரம் கழித்து மறுபடி வா என்றால் இன்னொரு நாள் கூலி. தெருமுனைக் கடையில் ஒரு சிறு ட்யூபு அதைவிட மலிவு. அவசரம், அறியாமை என்று நாம் பழிப்பதில் பாதி இந்தக் கணக்குதான். அந்தந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பென்சாயில் பெராக்சைடும் அடப்பலீனும் கிடைத்து, மறுபார்வையும் அங்கேயே நடக்குமானால், நகரத்து வைத்தியரின் நேரம் கட்டிப் பருவுக்கும் ஐசோட்ரெட்டினாயினுக்கும் மிஞ்சும்.

வைத்தியரைப் பார்க்கச் செல்லும் நாளில் ஒன்று செய்யலாம். வீட்டு அலமாரியிலும் கண்ணாடி மாடத்திலும் தேடி, இதுவரை முகத்தில் பூசிய ஒவ்வொரு ட்யூபையும், பாதி காலியானதையும் முழுவதும் காலியானதையும், விழுங்கிய மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துச் சென்று வைத்தியரின் மேஜைமேல் கொட்டிவிட வேண்டும். நினைவிலிருந்து சொன்னால் ‘ஏதோ ஒரு கிரீம்’ என்றுதான் சொல்ல வரும். நசுங்கிய ட்யூபின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் பெயரிலேதான், அந்த முகம் ஏன் இத்தனை வருஷம் ஆறவில்லை என்பது எழுதியிருக்கிறது.